படம் கிடைத்தது, உரிமம் தெரியவில்லை: பள்ளி, நூலகங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஆண்டு மலர், வகுப்பறைச் சுவரொட்டி, நூலக இணையதளம், புத்தகக் கண்காட்சி பேனர் என்று படம் தேடுகிறவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்களைக் கீழே தந்திருக்கிறோம். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. உங்கள் சிக்கல் எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போகலாம். சட்டம் என்று சொல்வதெல்லாம் இந்தியச் சட்டம். இலங்கையில் கணக்கு மாறும் இடத்தில் அதையும் சொல்கிறோம்.

எந்தச் சிக்கலானாலும் முதல் வேலை ஒன்றுதான். படத்தின் சொந்தப் பக்கத்துக்குப் போங்கள். உரிமம் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி. ஒரே தளத்தில், ஒரே ஆள் எடுத்த அடுத்தடுத்த இரண்டு படங்களுக்குக்கூட வெவ்வேறு உரிமம் இருக்கும். தேடல் முடிவில் தெரியும் சிறு படத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அந்தப் பக்கத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் குறி (படைப்பாளர் சில நிபந்தனைகளோடு எல்லோருக்கும் முன்கூட்டியே தரும் அனுமதி; சுருக்கமாக சிசி, CC) இருந்தால் இப்படிப் படிக்க வேண்டும். சிசி பிஒய் (CC BY): படைப்பாளர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டால் எதற்கும் பயன்படுத்தலாம். கூடவே எஸ்ஏ (SA) இருந்தால், படத்தை மாற்றி வெளியிடும்போது மாற்றிய படத்தையும் அதே உரிமத்தில் தர வேண்டும். என்சி (NC) இருந்தால் வணிக நோக்கம் கூடாது. என்டி (ND) இருந்தால் மாற்றிய வடிவத்தை வெளியிடக் கூடாது. சிசி0 (CC0) என்றோ பொதுக்களம் (public domain, பதிப்புரிமை இல்லாதது) என்றோ இருந்தால் நிபந்தனை இல்லை. ஆனாலும் எடுத்த இடத்தைக் குறிப்பிடுவது பள்ளிக்கும் நூலகத்துக்கும் அழகு, பிள்ளைகளும் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வார்கள்.

"கூகுளில் எடுத்தோம், 'நன்றி: கூகுள்' என்று போட்டிருக்கிறோம்"

தமிழில் வரும் பள்ளி மலர்களில் அதிகம் கண்ணில் படும் பிழை இதுதான். கூகுள் மற்றவர்களின் தளங்களில் இருப்பதைத் தேடிக் காட்டுகிறது. படம் அதற்குச் சொந்தமில்லை. 'நன்றி: இணையம்' என்பதும் அப்படியே. இந்த வரி எந்த உரிமத்தின் நிபந்தனையையும் நிறைவேற்றாது. யாரிடமும் அனுமதி பெறவில்லை என்று நாமே அச்சில் ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும்.

கூகுளை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. படத் தேடலில் 'கருவிகள்' என்பதை அழுத்தி, 'பயன்பாட்டு உரிமைகள்' பட்டியலில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களைத் தேர்ந்தெடுங்கள். வருவது வடிகட்டிய பட்டியல்தான், உறுதிமொழி அல்ல. யாரோ ஒருவர் அடுத்தவர் படத்தைத் தன் வலைப்பூவில் போட்டு, அந்த வலைப்பூவின் அடியில் கிரியேட்டிவ் காமன்ஸ் குறியை வைத்திருந்தாலும் இந்த வடிகட்டி அதையும் உள்ளே அனுமதித்துவிடும்.

நேராகவே தேட ஓப்பன்வெர்ஸ் நல்லது. கிரியேட்டிவ் காமன்ஸ் நடத்திவந்த தேடல், 2021இல் வேர்ட்பிரஸ் திட்டத்துக்கு மாறி இந்தப் பெயர் பெற்றது. படம் பகிரும் தளமான ஃபிளிக்கர், விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகம் (Wikimedia Commons), பல அருங்காட்சியகங்கள் ஆகியவற்றை ஒரே இடத்தில் தேடித் தருகிறது. படத்துக்குக் கீழே கடன் வரியையும் (படைப்பாளர், எடுத்த இடம், உரிமம் ஆகியவற்றைச் சொல்லும் வரி) ஆயத்தமாக வைத்திருக்கும். ஆனால் உரிமம் சரிதானா என்று ஓப்பன்வெர்ஸ் சோதிப்பதில்லை. அதை அந்தத் தளமே தெளிவாகச் சொல்கிறது. ஆகவே மூலப் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் இங்கிருந்தும் எடுக்காதீர்கள்.

"வாட்ஸ்அப்பில் வந்த படம், யார் எடுத்தது என்று தெரியவில்லை"

படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸிலும் டின்ஐ (TinEye) தளத்திலும் அதை ஏற்றித் தேடுங்கள். டின்ஐயில் முடிவுகளைப் 'பழையது முதலில்' என்று வரிசைப்படுத்தலாம். 'மிகப் பெரியது' என்றும் வரிசைப்படுத்தலாம். மிகப் பழையதும் மிகப் பெரியதும் ஒரே தளத்தைக் காட்டினால் பெரும்பாலும் அதுதான் மூலம். அரை மணி நேரம் தேடியும் மூலம் கிடைக்கவில்லையா, அந்தப் படத்தை விட்டுவிட்டு வேறு படம் தேடுங்கள். 'யாருடையது என்று தெரியவில்லை' என்பது அனுமதி ஆகாது.

மூலம் என்று தோன்றும் கணக்கையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். ஒரே கணக்கில் திரைப்பட நட்சத்திரம், விளையாட்டுப் போட்டி, இமயமலை, பழைய கறுப்பு வெள்ளைப் படம் எல்லாம் கலந்து, அத்தனையும் சிறிய அளவில், கேமரா விவரம் ஒன்றும் இல்லாமல், எல்லாவற்றுக்கும் சிசி பிஒய் என்று இருந்தால் நம்பாதீர்கள். எடுத்தவர் தராத உரிமத்தை ஏற்றியவர் தர முடியாது.

"தமிழில் தேடினால் ஒன்றுமே வரவில்லை"

விக்கிமீடியா பொதுவகத்தில் படங்கள் இல்லாமல் இல்லை. பெரும்பாலான கோப்புகளின் பெயரும் விளக்கமும் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ்ச் சொல் பொருந்துவதில்லை. இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி தமிழ் விக்கிப்பீடியா. வேண்டிய பொருளின் கட்டுரையைத் திறந்து, 'பிற திட்டங்களில்' என்ற பகுதியில் பொதுவகத்துக்கு இணைப்பு இருக்கிறதா பாருங்கள். அதை அழுத்தினால் அந்தப் பொருளுக்கான படத் தொகுதிக்கே போய்விடலாம். தேடல் பெட்டியை நம்புவதைவிடத் தொகுதி வழியாகப் போவது பல மடங்கு பயன் தரும். தமிழ் விக்கிப்பீடியர்கள் 2011-12இல் ஊடகப் போட்டி நடத்திப் பொதுவகத்தில் ஏற்றிய தமிழர் வாழ்வியல் படங்களும் இப்படித்தான் அகப்படும்.

இரண்டாவது, செடி, பறவை, பூச்சிகளுக்கு அறிவியல் பெயர். செங்காந்தளுக்கு குளோரியோசா சுபெர்பா. ஆவாரைக்கு சென்னா ஆரிகுலாட்டா. அது கிடைக்காவிட்டால் பழைய பெயரான காசியா ஆரிகுலாட்டாவையும் போட்டுப் பாருங்கள், பழைய தாவரவியல் ஓவியங்கள் அந்தப் பெயரில்தான் இருக்கும். இந்தப் பெயர்களை விக்கிப்பீடியா கட்டுரையின் தகவல் பெட்டியிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். ஒரு எழுத்து பிசகினாலும் கிடைக்காது.

மூன்றாவது, ஊர்களுக்கு ஆங்கிலேயர் காலத்துப் பெயர். தஞ்சாவூருக்கு டான்ஜோர், தூத்துக்குடிக்கு டூட்டிகோரின், திருச்சிக்கு டிரிச்சினாப்பள்ளி, காஞ்சிபுரத்துக்கு கான்ஜீவரம் என்று ஆங்கிலத்தில் தேடினால் 19ஆம் நூற்றாண்டுப் படங்கள் வரும். ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப் 1858இல் மதுரையிலும் தஞ்சையிலும் எடுத்த கோயில் படங்கள் எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்கும் நூலகக் கண்காட்சிக்கும் ஏற்றவை. அவர் 1902இல் மறைந்தார், உரிமைச் சிக்கல் இல்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியிலும் ஸ்மித்சோனியன் 2020 பிப்ரவரியிலும் தங்கள் தொகுப்புகளில் உரிமை முடிந்த பொருள்களின் படங்களை சிசி0 ஆகத் திறந்துவிட்டன. சோழர் செப்புத் திருமேனிகளைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் அங்கே போங்கள். மெட்ரோபாலிட்டன் தளத்தில் தேடும்போது 'திறந்த அணுக்கம்' (Open Access) என்ற பொருளில் ஒரு வடிகட்டி இருக்கும். அதை இட மறக்காதீர்கள். அந்தத் தளத்தில் உள்ள எல்லாமே சிசி0 அல்ல.

சிறு பிள்ளைகளுக்கான வண்ணப் படங்களுக்கு இவ்வளவு அலைய வேண்டாம். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகளும் ஓவியங்களும் பெரும்பாலும் சிசி பிஒய் 4.0 உரிமத்தில் இருக்கின்றன, தமிழ்க் கதைகளும் நிறைய. இந்தியப் பிள்ளைகள், இந்திய வீடுகள், இந்தியச் சமையலறை என்று இருப்பதால் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புச் சுவரொட்டிக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். ஓவியர் பெயர் படத்தின் பக்கத்திலேயே இருக்கும். அதைக் கட்டாயம் போடுங்கள்.

பிக்சாபே, பெக்சல்ஸ், அன்ஸ்ப்ளாஷ் ஆகியவை மலை, மழை, பென்சில் போன்ற பொதுவான படத்துக்குப் போதும். தமிழ்நாட்டுப் பொருள்களுக்குப் போதாது. இவற்றில் தேடும்போது விளம்பர வரிசையில் வருவது பணம் கொடுத்து வாங்க வேண்டிய படம். குறுக்கே தளத்தின் பெயர் அச்சிட்டிருந்தால் அதுதான். அந்த எழுத்தை அழித்துவிட்டுப் பயன்படுத்தும் பழக்கம் சில அச்சகங்களில் உண்டு. உரிமையாளர் விவரத்தைத் தெரிந்தே நீக்குவது பதிப்புரிமைச் சட்டத்தின் 65பி பிரிவுப்படி தனிக் குற்றம். 2 ஆண்டு வரை சிறைத்தண்டனை இருக்கிறது. இன்னொன்று: அன்ஸ்ப்ளாஷ் 2017லும் பிக்சாபே 2019லும் சிசி0வை விட்டுவிட்டுத் தங்கள் சொந்த உரிமத்துக்கு மாறிவிட்டன. பழைய வழிகாட்டிகளில் 'எல்லாம் சிசி0' என்று இருப்பதை இன்றைய படங்களுக்குப் பொருத்தாதீர்கள்.

"திரையில் தெளிவாக இருந்தது, அச்சில் மங்கிவிட்டது"

காரணம் அநேகமாக ஒன்றே. பக்கத்தில் தெரிந்த முன்னோட்டப் படத்தின் மேல் வலது சொடுக்கிச் சேமித்திருப்பீர்கள். பொதுவகத்தில் முன்னோட்டத்துக்குக் கீழே அளவுகள் வரிசையாக இருக்கும். அவற்றில் 'மூலக் கோப்பு' என்பதைத் திறந்து சேமிக்க வேண்டும்.

அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது கணக்கு. ஏ4 முழுப் பக்கத்துக்கு 2480 × 3508 பிக்சல் வேண்டும். மலரில் 8 செ.மீ. அகலத்தில் வரும் படத்துக்கு 945 பிக்சல் அகலம் போதும். சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் ஏ3 சுவரொட்டிக்கு 150 புள்ளி போதும், அதாவது 1754 × 2480. 6 அடிக்கு 4 அடி ஃப்ளெக்ஸ் பேனருக்கு 72 புள்ளி வைத்தாலும் 5184 × 3456 பிக்சல் வேண்டும். பொதுவகத்தில் நல்ல கேமராவில் எடுத்த படங்கள் இந்த அளவில் இருக்கின்றன. சிறிய படத்தை ஃபோட்டோஷாப்பில் இழுத்துப் பெரிதாக்கினால் புள்ளிதான் கூடும், விவரம் கூடாது.

சரியான கோப்பை எடுத்தும் மங்கினால், அச்சகத்துக்கு அனுப்பிய வழியைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

"வரைபடத்தில் குறிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, தமிழாக்கலாமா?"

இதயம், பூவின் பாகங்கள், நீர்ச் சுழற்சி போன்ற படங்களில் எல்லோருக்கும் வரும் கேள்வி. உரிமத்தில் என்டி இருந்தால் தமிழாக்கி வெளியிடக் கூடாது. என்டி இல்லையென்றால் தாராளமாகச் செய்யலாம். பொதுவகம் என்டியையும் என்சியையும் ஏற்பதே இல்லை என்பதால், அங்கே எடுத்த விளக்கப்படம் என்றால் இந்தக் கவலை இல்லை. எஸ்ஏ இருந்தால் உங்கள் தமிழ் வடிவத்தையும் அதே உரிமத்தில் தர வேண்டும். அதைப் பொதுவகத்தில் ஏற்றிவிட்டால் அடுத்த பள்ளிக்கும் பயன்படும். கடன் வரியில் 'குறிப்புகள் தமிழாக்கப்பட்டன' என்று சேர்க்க வேண்டும்.

எஸ்விஜி வடிவக் கோப்பாகத் தேர்ந்தெடுங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது, எழுத்தையும் தனியாக மாற்றலாம். பொதுவகத்தின் எஸ்விஜி டிரான்ஸ்லேட் கருவியில் கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஆங்கிலக் குறிப்புகளை வரிசையாகக் காட்டும், பக்கத்தில் தமிழை நிரப்பினால் முடிந்தது. கருவி 'எழுத்து எதுவும் இல்லை' என்று சொன்னால், வரைந்தவர் எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றிவிட்டார் என்று பொருள். அப்போது இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து பழைய எழுத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டும்.

தமிழ் எழுத்து அச்சகத்தில் உடைகிறதா? 'கொ' என்பது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறி வந்தால், அச்சகக் கணினியில் இருக்கும் பழைய பேஜ்மேக்கரோ பழைய ஃபோட்டோஷாப்போ ஒருங்குறித் தமிழைக் கையாளவில்லை. இங்க்ஸ்கேப்பில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்து, எல்லாம் சரிபார்த்தபின் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, 'பாதை' பட்டியலில் பொருளைப் பாதையாக்கும் கட்டளையை அழுத்துங்கள். பிறகு பிடிஎஃப் ஆகச் சேமித்து அனுப்புங்கள். இனி எந்தக் கணினியிலும் உடையாது. திருத்தவும் முடியாது என்பதால், பாதையாக்கும் முன் ஒரு பிரதி தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

"என்சி என்று இருக்கிறது, எங்கள் பள்ளியில் கட்டணம் வாங்குகிறோம்"

உரிமம் பார்ப்பது நிறுவனம் எப்படிப்பட்டது என்பதை அல்ல, அந்தப் பயன்பாடு எதற்கு என்பதை. வணிக ஆதாயமோ பணமோ முதன்மை நோக்கமாக இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. கட்டணப் பள்ளியின் வகுப்பில் பாடம் நடத்தக் காட்டுவதை நாங்கள் தடையாகக் கருதவில்லை. மாணவர் சேர்க்கை விளம்பரத்தில், விலைக்கு விற்கும் மலரில், கடைகளின் விளம்பரம் வாங்கி அச்சிடும் மலரில், விளம்பர வருமானம் வரும் யூடியூப் சேனலில் என்சி படத்தைப் போடாதீர்கள். கோடு எங்கே என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட சிசி பிஒய் படம் ஒன்றைத் தேடுவது எளிது.

ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்து நகல் எடுத்தால் அது வணிகமாகிவிடுமா என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. அமெரிக்காவில் இதே கேள்வி வழக்காகவே வந்தது. என்சி உரிமப் பாடப்பொருளைப் பள்ளிக்காகக் கட்டணம் வாங்கி நகலெடுத்த கடை உரிமத்தை மீறவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 2018லும் 2019லும் தீர்ப்பளித்தன.

ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பறவை, பூச்சிப் படம் எடுப்பவர்கள் கவனிக்க: அங்கே இயல்பாக அமைவது சிசி பிஒய்-என்சி. எடுத்தவர் தானாக மாற்றியிருந்தால் மட்டுமே வேறு.

"ஒரு எஸ்ஏ படம் போட்டால் மலர் முழுவதையும் திறந்த உரிமத்தில் தர வேண்டுமா?"

வேண்டாம். படத்தை அப்படியே ஒரு பக்கத்தில் வைத்தால் அது தொகுப்பு. கட்டுரைகளின் உரிமை உங்களிடமே இருக்கும். படத்தையே மாற்றினால், இரண்டு படத்தை ஒன்றாக இணைத்தால், அந்தப் புதிய படத்துக்கு மட்டும் எஸ்ஏ ஒட்டிக்கொள்ளும்.

"திருவள்ளுவர் படம்தானே, அதற்கு என்ன உரிமை?"

படத்தில் இருப்பவர் எப்போது வாழ்ந்தார் என்பது கணக்கில் வராது. வரைந்தவர் எப்போது மறைந்தார் என்பதுதான் கணக்கு. இந்தியாவில் ஓவியத்துக்கு உரிமை, ஓவியர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டு. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி 70 ஆண்டு. பள்ளிச் சுவர்களில் நாம் பார்த்துப் பழகிய வள்ளுவர் உருவம் ஓவியர் கே. ஆர். வேணுகோபால் சர்மா 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வரைந்தது. வள்ளுவர் பழமையானவர் என்பதால் அந்த ஓவியமும் பழமையானதாகிவிடாது. மலரின் அட்டைக்கு வள்ளுவர் வேண்டுமென்றால் கன்னியாகுமரிச் சிலையின் புகைப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிற்பத்தைப் படமெடுப்பதையும் வெளியிடுவதையும் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(t) பிரிவு அனுமதிக்கிறது. புகைப்படம் எடுத்தவருக்கு அவர் படத்தில் உரிமை உண்டு. பொதுவகத்தில் சிசி உரிமத்தில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் சுற்றுலா போன ஆசிரியர் எடுத்ததை எழுத்தில் அனுமதி வாங்கிப் போடுங்கள். இந்தச் சலுகை சிலைகளுக்கும் கட்டடங்களுக்கும் உண்டு. சுவரில் வரைந்த புது ஓவியங்களுக்கு இல்லை.

பாரதியாரிடம் புகைப்படம், ஓவியம் இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். அவர் 1921இல் மறைந்தார். அவர் காலத்தில் எடுத்த புகைப்படங்களுக்கு இந்தியாவில் உரிமை முடிந்துவிட்டது. அதைப் பார்த்துப் பின்னாளில் வரைந்த வண்ண ஓவியங்களுக்கு அந்தந்த ஓவியரின் கணக்கு. ராஜா ரவி வர்மா 1906இல் மறைந்தார், அவர் ஓவியங்களில் தயங்க வேண்டியதில்லை.

நாட்டுடைமை நூல்களில் எடுத்த படங்களும் இதே சிக்கல்தான். அரசு நாட்டுடைமை ஆக்கியது எழுத்தாளரின் எழுத்தை. அந்தக் கதைக்கு இதழில் வேறொருவர் வரைந்த ஓவியம் அதில் அடங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுத்தைத் தயங்காமல் எடுத்துப் போடுங்கள், ஓவியத்தை உங்கள் பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள்.

"உரிமம் சரியாக இருக்கிறது, ஆனாலும் போடக் கூடாது என்கிறார்கள்"

சொல்பவர்கள் சரியாக இருக்கலாம். பதிப்புரிமை தவிர வேறு சட்டங்களும் உண்டு. பொதுவகத்தில் இருக்கும் அசோகச் சின்னத்தைப் பள்ளி மலரின் அட்டையில் போடுவதை 2005ஆம் ஆண்டின் அரசுச் சின்னச் சட்டம் தடுக்கும். இந்திய வரைபடத்திலும் கவனம் வேண்டும். உலகப் பொதுத் தளங்களில் உள்ள பல வரைபடங்களில் காஷ்மீர், அருணாசல எல்லைகள் இந்திய சர்வே துறை காட்டும் வகையில் இல்லை. அப்படிப்பட்ட வரைபடத்தை இங்கே வெளியிடுவது 1961ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டப்படி குற்றம். சர்வே துறையே தன் தளத்தில் தரும் எல்லை வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களுக்கு எடுத்தவரின் உரிமம் மட்டும் போதாது, பெற்றோரின் எழுத்து அனுமதி வேண்டும். அனுமதிப் படிவத்தில் மலர், இணையதளம், சமூக ஊடகம் மூன்றையும் தனித்தனிக் கட்டமாக வையுங்கள். மலருக்குச் சம்மதித்தவர் முகநூலுக்குச் சம்மதிக்காமல் இருக்கலாம்.

"அரசுத் தளத்தில் எடுத்தது, அது எல்லோருக்கும் பொதுதானே?"

அமெரிக்கக் கூட்டாட்சி அரசுக்கு அப்படி. நாசா படங்களுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை இல்லை; நாசா சின்னத்தைத் தவிர்த்து, மூலத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். இந்திய அரசுப் படைப்புகளுக்கு வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. ஒவ்வொரு தளத்தின் அடியிலும் 'பதிப்புரிமைக் கொள்கை' என்ற இணைப்பு இருக்கும், அதைத் திறந்து படியுங்கள். சில தளங்கள் மூலத்தைக் குறிப்பிட்டால் போதும் என்கின்றன. பல தளங்கள் மின்னஞ்சலில் அனுமதி கேட்கச் சொல்கின்றன. கேளுங்கள். எந்தப் படம், எங்கே, எத்தனை பிரதி, விலை உண்டா என்று நான்கு வரி எழுதினால் போதும்.

"வகுப்பில் காட்டலாம் என்றார்கள், இணையதளத்தில் போட்டதும் கேள்வி வந்தது"

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(i) பிரிவு, கற்பிக்கும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ படைப்பை நகலெடுப்பதையும், தேர்வு வினாவிலும் விடையிலும் பயன்படுத்துவதையும் உரிமை மீறல் ஆகாது என்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக நகலகம் தொடர்பான வழக்கில் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவுக்கு விரிவாகவே பொருள் கொண்டது. ஆகவே உயிரியல் ஆசிரியர் ஒரு படத்தைத் தாளில் அச்சிட்டு வகுப்பில் கொடுப்பதற்கு அஞ்ச வேண்டாம். அதே தாளைப் பள்ளி இணையதளத்தில் எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி வைப்பது, ஆண்டு மலரில் அச்சிடுவது, கண்காட்சி பேனரில் போடுவது எல்லாம் கற்பித்தல் என்ற வேலியைத் தாண்டிவிடும். வெளியே போகும் எதற்கும் உரிமம் உள்ள படத்தையே எடுங்கள். தொடக்கத்திலிருந்தே அப்படி எடுத்துவிட்டால், வகுப்புத் தாள் நாளை புத்தகமானாலும் மாற்ற வேண்டியிருக்காது.

நூலகங்களுக்கு மட்டும்: அட்டைப் படமும் பழைய ஆல்பமும்

புதுவரவுப் பலகையில் புத்தகத்தையே வைப்பதில் ஒரு சிக்கலும் இல்லை. அட்டையை வருடி இணையதளத்தில் போடுவது வேறு. அட்டை பதிப்பகத்துக்கோ ஓவியருக்கோ சொந்தம். விக்கிப்பீடியாவின் ஆங்கிலப் பக்கத்தில் அட்டைப் படம் இருக்கிறதே என்றால், அது நியாயப் பயன்பாடு என்ற அமெரிக்கச் சட்ட விதியின்கீழ் அந்தக் கட்டுரைக்கு மட்டும் வைக்கப்பட்டது. கோஹா என்ற நூலக மென்பொருளைப் பயன்படுத்தும் நூலகங்கள் ஓப்பன் லைப்ரரி என்ற இணைய நூல் பட்டியலிலிருந்து அட்டை வரும்படி அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். அதில் தமிழ் நூல்களுக்கு அட்டை குறைவாகவே கிடைக்கும். அடிக்கடி வாங்கும் பதிப்பகங்களிடம், பட்டியலிலும் புதுவரவு அறிவிப்பிலும் சிறிய அளவில் அட்டையைக் காட்ட ஒரே கடிதத்தில் மொத்தமாக அனுமதி வாங்கிவிடுங்கள். புத்தகத்துக்கு விளம்பரம் என்பதால் பதிப்பகங்கள் மறுக்கக் காரணமில்லை.

ஊர்க்காரர் ஒருவர் தாத்தா காலத்து ஆல்பத்தை நூலகத்துக்குக் கொடுத்தால், வந்து சேர்வது தாள். உரிமை அதோடு தானாக வராது. வாங்கும்போதே, உரிமை தங்களிடம் இருக்கும் படங்களை எந்த உரிமத்தில் வெளியிடலாம் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி வாங்குங்கள். ஸ்டுடியோ முத்திரை உள்ள படங்களைத் தனியாகப் பட்டியலிடுங்கள். அவற்றில் உரிமை படத்தில் இருப்பவருடையதா ஸ்டுடியோவுடையதா என்று தனித்தனியே பார்க்க வேண்டும்.

"கடன் வரி எப்படி எழுதுவது? இடமே இல்லை"

படத்தின் தலைப்பு, படைப்பாளர், எடுத்த இடம், உரிமமும் அதன் பதிப்பு எண்ணும், மாற்றம் இருந்தால் அதுவும். இப்படி:

படம்: "(தலைப்பு)", (படைப்பாளர் பெயர்), விக்கிமீடியா பொதுவகம், சிசி பிஒய்-எஸ்ஏ 4.0, ஓரம் வெட்டப்பட்டது.

படைப்பாளர் எந்தப் பெயரில் ஏற்றினாரோ அந்தப் பெயரை அப்படியே போடுங்கள், புனைபெயரானாலும் சரி. இணையத்தில் என்றால் படப் பக்கத்துக்கும் உரிமப் பக்கத்துக்கும் இணைப்பு தர வேண்டும். பதிப்பு எண்ணை விடாதீர்கள், 4.0க்கும் 3.0க்கும் விதிகள் வேறு, அடுத்த தலைப்பில் அது தெரியும். பொதுவகத்தில் படத்துக்கு மேலே உள்ள 'பதிவிறக்கு' பொத்தானை அழுத்தினால் கடன் வரி ஆயத்தமாகக் கிடைக்கும்.

சுவரொட்டியில் கீழோரம் 8 புள்ளி எழுத்தில் போட்டால் போதும். ஸ்லைடு காட்சியில் கடைசி ஸ்லைடில் மொத்தமாகப் போடலாம், எந்த எண் ஸ்லைடின் படம் என்று குறிக்க வேண்டும். மலரில் கடைசிப் பக்கத்தில் பக்க எண்ணோடு பட்டியல் தரலாம். பத்துப் பதினைந்து படம் உள்ள பேனரில் இடம் இல்லையென்றால், கடன் வரிகளைப் பள்ளித் தளத்தில் ஒரு பக்கமாக வைத்து அதற்குக் கியூஆர் குறியீடு அச்சிடுங்கள்.

இதை மலர் அச்சுக்குப் போகும் முந்தின இரவில் செய்ய உட்கார்ந்தால் பாதிப் படங்களின் மூலம் மறந்துபோயிருக்கும். பதிவிறக்கும் அந்த நிமிடமே ஒரு விரிதாளில் எழுதிவிடுங்கள்: கோப்பின் பெயர், பக்கத்தின் இணைப்பு, படைப்பாளர், உரிமம், எடுத்த தேதி, செய்த மாற்றம், எங்கே பயன்படுத்தினோம். கூடவே அந்தப் பக்கத்தை, இணையப் பக்கங்களைத் தேதியோடு பிரதி எடுத்து வைக்கும் இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் சேமித்துவிடுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைக் கொடுத்தவர் திரும்பப் பெற முடியாது. ஆனால் ஃபிளிக்கரில் உரிமக் குறியை மாற்றிவிடலாம், படத்தையே நீக்கிவிடலாம். நீங்கள் எடுத்த அன்று என்ன இருந்தது என்பதற்கு அந்தச் சேமிப்புதான் சாட்சி.

"பணம் கேட்டு மின்னஞ்சல் வந்திருக்கிறது"

அழித்துவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள், பதறிப் பணமும் கட்டாதீர்கள். முதலில் அவர்கள் சொல்லும் பக்கத்தைத் திறந்து, உங்கள் தளத்தில் அந்தப் படம் இருக்கிறதா பாருங்கள். மின்னஞ்சலில் வந்த இணைப்பை அழுத்தாமல் நீங்களே போய்ப் பாருங்கள். இந்தப் பெயரில் ஏமாற்று மின்னஞ்சல்களும் வருகின்றன. இருக்கிறது என்றால் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துவிட்டு, விரிதாளைத் திறந்து உரிமத்தின் பதிப்பைப் பாருங்கள்.

4.0 என்றால், கடன் வரி விடுபட்டது போன்ற பிழை தெரியவந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் தானாகத் திரும்பிவிடும். அன்றே சரிசெய்து, சரிசெய்த பக்கத்தையும் திரைப்பிடிப்பு எடுங்கள். அதுவரை நடந்ததற்கு இழப்பீடு கேட்கும் உரிமை அவருக்கு இருந்துகொண்டே இருக்கும். 3.0 அல்லது அதற்கு முந்தையது என்றால், மீறியபோதே உரிமம் முடிந்துவிட்டது. மீண்டும் பயன்படுத்தப் படைப்பாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். உரிமமே இல்லாத படம் என்றால் உடனே எடுத்துவிடுங்கள்.

எடுப்பதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கும். வேர்ட்பிரஸ் தளத்தில் பதிவிலிருந்து படத்தை நீக்கினாலும் கோப்பு ஊடகத் தொகுப்பில் இருந்துகொண்டே இருக்கும், நேரடி முகவரியில் யாரும் திறந்து பார்க்கலாம். ஊடகத் தொகுப்புக்குள் போய் நிரந்தரமாக நீக்குங்கள். பழைய முகவரியைத் தட்டிப் பார்த்து, 'பக்கம் இல்லை' என்று வருவதை உறுதி செய்யுங்கள்.

பிறகு பதில் எழுதுங்கள். படத்தை நீக்கிவிட்டோம் அல்லது கடன் வரியைச் சரிசெய்துவிட்டோம் என்று மட்டும் எழுதி, படம் அவர்களுடையது என்பதற்கான சான்றையும் படைப்பாளர் சார்பில் பேசும் அதிகாரக் கடிதத்தையும் கேளுங்கள். தளத்தை வடிவமைத்த நிறுவனம் அந்தப் படத்தைப் போட்டிருந்தால், எங்கிருந்து எடுத்தார்கள் என்று அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். தொகையைப் பற்றிய பேச்சு வந்ததும் நிர்வாகத்தையும் வழக்கறிஞரையும் கேட்காமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.